பைய விடச் சொன்ன கதை

லாயத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

குதிரைக்குத் தீனி எவ்வளவு, நடை எவ்வளவு, லாடம் எப்போது மாற்றுவது என்பதையெல்லாம் உங்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். பந்தயக் குதிரையைப் பழக்குகிறவன் என்னென்ன விதமாக முட்டாளாகலாம் என்பதில் மட்டும் எனக்கு நிகரான ஆளை நான் பார்த்ததில்லை. தெரிந்ததைச் சொல்வதுதான் முறை என்பதால் அதையே சொல்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த வழியே கோணல். என் தகப்பனார் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் இலக்கணம் நடத்தினார். என்னையும் வாத்தியாராக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்தார். அந்தச் சமயத்தில் ஆற்றின் மேல்பக்கம் இருந்த ஒரு ஜமீனில் (பெயர் வேண்டாம், வாரிசுகள் இருக்கிறார்கள்) சீமையிலிருந்து குதிரை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை வரவழைத்திருந்தார்கள். அதை வாசித்து அர்த்தம் சொல்ல ஆள் தேடினார்கள். நான் போனேன், வாசித்தேன். புத்தகம் சொல்வதை நானே சொல்வதாக ஜமீன்தார் நினைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் நானும் அப்படியே நினைக்க ஆரம்பித்தேன். புத்தகம் முடிவதற்குள் லாயம் முழுவதும் என் பொறுப்பில் வந்து விழுந்தது.

முதல் நாளே ஒரு குதிரை என் பாதத்தை மிதித்துக்கொண்டு நின்றது. காலை எடு என்று அதனிடம் ஆங்கிலத்தில் கெஞ்சினேன். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் குதிரைக்கும் அந்தப் பாஷைதான் புரியும் என்று ஏதோ ஓர் எண்ணம். மகன் என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், ஜமீனில் ஆங்கிலம் வாசிக்கிறான் என்று தகப்பனார் சொல்லிவந்தார். குதிரைப் பந்தயம் சூது, சூது பாவம் என்று சபையில் பேசுகிற மனிதர் வேறென்ன சொல்வார்? நான் குதிரையிடம் பேசியதை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது பொய்யும் இல்லை.

கடிபட்டு, உதைபட்டு, சில வருஷங்களில் ஓரளவு தேறினேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கதை. தேறிவிட்டோம் என்று நினைக்கும்போதுதான் பெரிய முட்டாள்தனங்கள் வருகின்றன.

எங்கள் லாயத்தில் பவளம் என்று ஒரு பெண்குதிரை இருந்தது. செந்நிறம், சின்னத் தலை, யாரையும் மதிக்காத பார்வை. நான் பழக்கிய குதிரைகளில் அதைப்போல ஓடியது வேறில்லை. இதில் என் பெருமை கொஞ்சம்தான். நான் கெடுக்க முயன்றும் கெடாத ஓட்டம் அது. அதன்மேல் எனக்கு இருந்த பிரியத்தை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் லாயத்துக்குப் போனதும் அது என் சட்டைப்பையை மூக்கால் தள்ளிப் பார்க்கும். வெல்லம் இல்லாவிட்டால் அன்று முழுவதும் முகம் கொடுக்காது.

பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த மைதானத்தில் தை மாசத்தில் துரைமார்கள் பந்தயம் வைப்பார்கள். கடைசி ஓட்டத்துக்குக் கலெக்டர் கையால் ஒரு வெள்ளிக் கோப்பை. ஒன்று துரைமார்களின் குதிரை ஜெயிக்கும், இல்லாவிட்டால் மலையடிவாரத்து ஜமீன்காரருடைய குதிரை ஜெயிக்கும். எங்கள் ஜமீன்தாருக்கு இது ஆறாத புண். அந்த வருஷம் பவளம் இருக்கிற தைரியத்தில், கோப்பையை வைக்கக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்கூட்டியே செய்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் காலிப் பெட்டியைக் காட்டினார். நானும் கூட நின்று தலையாட்டினேன்.

குதிரை ஓட்டுவதற்குச் சென்னையிலிருந்து காசிம் என்ற ஜாக்கியை வரவழைத்திருந்தோம். முப்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். வீட்டில் பேசுவது உருது, வெளியே பேசுவது சென்னைத் தமிழ். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. புரியாததற்கெல்லாம் சிரித்துவிடுவார். என்னை அவர் ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டார். எந்தப் பட்டத்திலிருந்து தப்பித்து ஓடிவந்தேனோ, அது சென்னையிலிருந்து ரயிலேறி என்னைத் தேடி வந்துவிட்டது.

பந்தயத்துக்கு முந்தின நாளே கொக்கிரகுளத்துப் பக்கம் ஆற்றோரத் தோப்பு ஒன்றில் வந்து தங்கினோம். விடிந்ததும் வழக்கம்போல பவளத்தின் கால்களைத் தடவிப் பார்த்தேன். நீங்களும் தினமும் செய்யப்போகிற வேலைதான். குதிரை வாயால் சொல்லாததைக் காலின் சூடு சொல்லிவிடும். இடது முன்னங்காலின் பின்பக்க நரம்பில் கை நின்றுவிட்டது. லேசான சூடு. வீக்கம் இல்லை, நொண்டல் இல்லை. சூடு மட்டும் இருந்தது.

குதிரைக்காரர் சுடலையைக் கூப்பிட்டேன். அவரும் தடவிப் பார்த்தார். கோப்பை வந்தால் லாயத்து ஆட்களுக்குப் புது வேட்டி என்று ஜமீன்தார் சொல்லியிருந்தார். சுடலையின் கையில் அந்த வேட்டியும் இருந்தது என்று நினைக்கிறேன்.

“இது ஒரு சூடா அண்ணாச்சி? ராத்திரி அந்தக் கால் மேலயே நின்னுருக்கும். ஆத்துல கொஞ்ச நேரம் நிறுத்துனா சரியாயிரும்.”

“நரம்புல்லா சுடுது சுடலை.”

“எனக்கு ஒண்ணும் சுடலையே.”

பெயர்ப் பொருத்தம் என்று அப்போது சிரிக்கக்கூடத் தோன்றவில்லை. குதிரையை ஆற்றில் இறக்கினோம். தை மாசத்துத் தாமிரபரணி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவளம் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றது, பக்கத்தில் நானும் நின்றேன். நெடுநேரம் கழித்துக் கரையேற்றிக் காலைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. அப்பாடா என்று என் மனசும் குளிர்ந்தது. அந்தத் தண்ணீரிலிருந்து அந்த நேரத்தில் எதை எடுத்தாலும் ஜில்லென்றுதான் இருக்கும். என் கால்களும்தான் விறைத்துப் போயிருந்தன. சூடு இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவன், அதை மறைத்துவிட்டுத் தேடினேன். ஆற்றைக் கேட்டால், நீ கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று சொல்லும்.

கொஞ்ச நேரத்தில் ஜமீன்தார் வில்வண்டியில் வந்து இறங்கினார். பின்னாலேயே இன்னொரு வண்டியில் நாதஸ்வரமும் தவிலும். கோப்பையோடு ஊர்வலம் போக மேளத்தையும் பேசிவிட்டிருந்தார்.

“என்னவே, குட்டி எப்படி இருக்கு?”

இதோ இந்த இடம்தான் தம்பிகளே. சூடு இருந்தது என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு எசமான். ஆத்துல நிறுத்தி எடுத்திருக்கேன். கால் ஜில்லுன்னு இருக்கு.”

இதில் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை பாருங்கள். இலக்கண வாத்தியார் மகன் அல்லவா?

அவர் போனபிறகு பயம் பிடித்துக்கொண்டது. சூடான நரம்போடு முழு வேகத்தில் ஓடினால் அறுந்துபோகலாம். அறுந்தால் குதிரையைச் சுட்டுவிடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம். பவளத்தைத் துப்பாக்கிக்கு முன்னால் நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. ஜமீன்தாரிடம் போய்ச் சொல்லவும் முடியவில்லை. அப்போது என் மூளையில் ஒரு யோசனை உதித்தது. உங்கள் மூளையில் இப்படி ஏதாவது உதித்தால் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள். யோசனை இதுதான்: குதிரையை மெதுவாக ஓட்டும்படி காசிமின் காதில் போட்டுவிடுவது. நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். கால் தப்பும். ஜமீன்தார் ஜாக்கியைத் திட்டுவார். நான் பக்கத்தில் நின்று ‘ஆமாம் எசமான், சரியாக ஓட்டவில்லை’ என்பேன். எல்லாருக்கும் நல்லது, காசிமைத் தவிர.

சாயங்காலம் கடைசி ஓட்டம். சேணம் பூட்டுகிற இடத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். ராசி பார்த்து ஜமீன்தார் மேளத்தை வாசிக்கச் சொல்லிவிட்டார். தவில்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்று வெளுத்து வாங்கினார். காசிமைக் குதிரைமேல் ஏற்றிவிடும்போது அவர் காதருகே எக்கிச் சொன்னேன்.

“காசிம், பைய விடு. கேட்டுச்சா? கடைசி வரைக்கும் பைய விடு.”

காசிம் முகம் மலர்ந்தது. “அப்டியே செஞ்சுடறேன் வாத்தியாரே!”

மெதுவாக ஓட்டச் சொன்னால் ஒரு ஜாக்கி எதற்காக இவ்வளவு சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கொடி விழுந்தது. பவளம் பாய்ந்தது. மற்ற குதிரைகள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அது கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டது. நான் கயிற்றோரம் ஓடினேன். குதிரைகள் சுற்றி வந்து என்னைக் கடக்கும்போது கைகளை ஆட்டிக்கொண்டு அடித்தொண்டையில் கத்தினேன்: “பைய! காசிம், பைய!”

பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். “முன்னால போற குதிரையப் பைய போவச் சொல்லுதான், இவன் யாருலே?” என்று ஒருத்தர் கேட்டார். காசிம் என் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி, தெரிந்துகொண்டேன் என்பதுபோலத் தலையை அசைத்து, குதிரையின் விலாவில் இரண்டு குதிகாலையும் வைத்து அழுத்தினார். பவளம் இன்னும் வேகம் எடுத்தது.

கடைசி வளைவில் பவளத்துக்கும் மலையடிவாரத்துக் குதிரைக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டியைத் திருப்பலாம். எங்கள் ஆட்கள் தலைப்பாகையை அவிழ்த்து வீசினார்கள். எனக்கே ஒரு கணம் கால் மறந்து கோப்பை கண்ணில் தெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது காசிம் குதிரைமேல் நிமிர்ந்தார். லகானை இழுத்தார். முடிவுக் கம்பம் எதிரே தெரிகிறது, கூட்டம் ஊளையிடுகிறது, அவர் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வேகத்தைக் குறைத்து, நிறுத்தி, குதித்து இறங்கி, குதிரையின் இடது முன்னங்காலைத் தரையில் படாமல் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார். மலையடிவாரத்துக் குதிரை அவர்களைத் தாண்டிப் போய் ஜெயித்தது. காசிம்மேல் மண்ணாங்கட்டிகள் வந்து விழுந்தன. அவர் காலை விடவில்லை.

நான் போய்ச் சேரும்போது ஜமீன்தாரும் வந்துவிட்டார். அவருடைய ஆட்கள் இரண்டு பேர் காசிமின் தோளைப் பிடித்திருந்தார்கள்.

“ஏலே, எவன்கிட்ட என்ன வாங்குன? ஜெயிக்கப் போற குதிரைய எதுக்குலே நிறுத்துன?”

“காலு பூடுச்சுங்க. ஓட்டம் மாறிச்சு. இன்னும் கொஞ்சம் வுட்டிருந்தா அறுந்திருக்கும்.”

“காலையில நல்லா இருந்த காலு இப்பம் எப்படிலே போவும்?” என்று கேட்டுவிட்டு ஜமீன்தார் என் பக்கம் திரும்பினார். “நீரே சொல்லும்வே. காலையில நல்லாத்தான இருந்துச்சு?”

ஆமாம் என்றால் என் உத்தியோகம் தப்பும். காசிமை அங்கேயே அடித்துப் போடுவார்கள். பந்தயத்தில் காசு வாங்கியவன் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் எந்த லாயத்திலும் அவரைச் சேர்க்கமாட்டார்கள். பவளம் மூன்று காலில் நின்றுகொண்டு என் சட்டைப்பையை மோந்து பார்த்தது. எனக்கு அழுகை வந்தது.

“இல்ல எசமான். காலையிலயே சுட்டுது. அதனாலதான் நான் இவர்கிட்ட பைய விடச் சொன்னேன்.”

காசிம் நிமிர்ந்து பார்த்தார். “இன்னாது? பாய வுடுன்னுதானே சொன்னே வாத்தியாரே! ஓடறப்ப கூட கயித்தாண்ட நின்னு பாய, பாயன்னு கூவினியே!”

“பையன்னுலா சொன்னேன்!”

“பையன்னா இன்னா?”

“மெதுவா!”

“அத்த மெதுவான்னே சொல்றதுக்கு இன்னா வாத்தியாரே?”

பிடித்திருந்த ஆட்களே சிரித்துவிட்டார்கள். அவர்கள் பிடி தளர்ந்தது. என் தகப்பனார் ஆயுசு முழுவதும் உயிரெழுத்துகளைச் சுத்தமாக உச்சரிக்கச் சொல்லிக் கொடுத்தவர். அவர் பெற்ற பிள்ளையின் உத்தியோகம் ஆகாரத்துக்கும் ஐகாரத்துக்கும் நடுவில் விழுந்து கிடந்தது.

ஜமீன்தார் மட்டும் சிரிக்கவில்லை. ஆட்களைப் போகச் சொன்னார். காசிமிடம், “காலைப் பாரும்” என்றார். ‘ஏலே’ போய் மரியாதை வந்திருந்ததை நான் கவனித்தேன். பிறகு என்னிடம் வந்தார். சத்தம் போடுவார் என்று தலையைக் குனிந்தேன். பைய பேசினார்.

“ஏம்வே எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தாலும் நீங்க ஓடத்தான் விட்டிருப்பீங்க எசமான்.” இது என் கடைசி ஆயுதம். உண்மையும் அதுதான்.

அவர் பவளத்தின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

“ஆமா. விட்டுத்தான் இருப்பேன். கோப்பைக் கோட்டி புடிச்சுல்லா அலைஞ்சேன். ஆனா அப்பம் குத்தம் எனக்கு. அதைத் தாங்குததுக்குத்தானவே எனக்கு எசமான்னு பேரு. அதை எங்கிட்ட குடுக்காம நீரு எதுக்குவே மடியில கட்டிக்கிட்டு அலைஞ்சீரு? கடைசில அதை அந்த மனுசன் தலையில கொண்டுபோயி வைக்கப் பாத்தீரே!”

லாயத்தில் தப்பு செய்யாத ஆள் இல்லை. நானும் அதற்குப் பிறகு எத்தனையோ செய்தேன். ஆனால் சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல், திருப்பிக் கேட்க முடியாதவர் காதில் கிசுகிசுத்துவிட்டு அதற்குச் சாமர்த்தியம் என்று பேர் வைக்கிற வேலையை மட்டும் மறுபடி செய்யவில்லை.

நரம்பு அறவில்லை. காசிம் நிறுத்திய இடத்தில் நிறுத்தியதால் பிழைத்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பவளம் மறுபடி பந்தயம் ஓடவில்லை. தோப்பில் மேய்ந்து, குட்டி போட்டு, கடைசி வரை யாரையும் மதிக்காமல் இருந்தது. என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று பெட்டி கட்டி வைத்திருந்தேன். அனுப்பியிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அனுப்பாமல், பவளத்தின் கால் குணமாகிற வரைக்கும் தினமும் காலையில் அதோடு ஆற்றில் நிற்கும் வேலையை ஜமீன்தார் எனக்குக் கொடுத்தார். துணி துவைக்க வந்த பெண்கள், “அண்ணாச்சி, வைத்தியம் குதிரைக்கா, உமக்கா?” என்று தினமும் கேட்டார்கள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் சிரிப்பார்கள். காசிமை அடுத்த வருஷமும் ஜமீன்தாரே வரவழைத்தார். இறங்கியதும் காசிம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “இந்த வாட்டி எந்த வார்த்தை வாத்தியாரே?”

அந்த அடுத்த வருஷத்தில் நடந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். பந்தயத்துக்கு வேறொரு குதிரையைத் தயார் செய்திருந்தோம். மைதானத்துக்குக் கிளம்ப வேண்டிய முந்தின நாள் காலையில், எங்கள் லாயத்திலேயே அதன் வலது முன்னங்காலில் கை வைத்தேன். சூடு! விட்டேன் ஓட்டம். ஜமீன்தார் நாலு பெரிய மனிதர்களோடு இலையில் உட்கார்ந்திருந்தார். அவர்களில் மலையடிவாரத்து ஜமீன்காரரும் இருந்தார். நான் எதையும் பார்க்கவில்லை.

“எசமான், குதிரைக்குக் கால் சுடுது! ஓடப்படாது!” என்று கூடமே அதிரக் கத்தினேன்.

ஜமீன்தார் பாதி இட்லியோடு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு என் பின்னால் வந்தார். விருந்தாளிகளும் வேடிக்கை பார்க்கக் கிளம்பி வந்தார்கள். லாயத்தில் அவரே குனிந்து அந்தக் காலைத் தொட்டார். சுட்டது. இன்னொரு காலைத் தொட்டார். சுடவில்லை. பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். கிழக்குப் பக்கம் ஓடு ஒன்று விலகியிருந்தது. அந்த ஓட்டை வழியாகக் காலை வெயில் இறங்கி நேராக அந்த ஒரு காலில் விழுந்துகொண்டிருந்தது. குதிரையை ஓர் அடி நகர்த்தினார். எங்கள் எல்லாருடைய கண் முன்னாலும் கால் பைய ஆறியது. விருந்தாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்த வைக்கோலுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

ஜமீன்தார் என் தோளில் கை வைத்தார்.

“நல்லதுவே,” என்றார். “நாளைக்கும் இப்படியே வந்து சொல்லும்.”